ஐந்தாம் மாட்டில் ஒரு பங்கு

மே 18, ஞாயிறு

சுங்கை பினாங் சூராவ் என்ற எங்கள் சிறு தொழுகைக்கூடத்தின் மேல்மாடியில் இன்று இருந்தவர்கள்: தலைவர் இஸ்மாயில் அண்ணன், தொலைபேசி பார்க்கும் ஷஃபீக், சமையல் பொறுப்பு ஷஹீரா, நான். வேறு யாரும் இல்லை. இந்த ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளில் அறுக்கும் குர்பான் மாடுகளின் பங்குப் பெயர்கள் என் டேட்டாபேஸில்தான் என்று முடிவாயிற்று. போன வருடம் நோட்டில் ஒருவரை வேறு மாட்டுக்கு மாற்றினார்கள். பதிலுக்கு அங்கிருந்தவரை எடுக்க மறந்துவிட்டார்கள். ஒரு மாட்டுக்கு ஏழு பங்குதான். எட்டாவது பெயரை வாசித்ததும் இமாம் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

“ஒம் மெஷின்ல அது நடக்காதா, ஹாஜரா?”

“நடக்க விடாது அண்ணே.”

மே 21, புதன்

எப்படி விடாது என்று ஷஹீரா கேட்டாள். சொன்னேன். எந்த மாற்றமும் வட்டிலுள்ள பட்டியலைத் தொடுமுன் ‘லாக்’ என்ற குறிப்பேட்டில் எழுதப்படும். ஒருவரை எடுப்பதும் மற்றவரைச் சேர்ப்பதும் ஒரே கட்டு. கடைசியில் ‘கமிட்’ என்ற வரி லாகில் ஏறி, வட்டில் பத்திரமான பிறகுதான் எனக்கு “ஆயிற்று” என்று பதில் வரும். நடுவில் இயந்திரம் நின்றால், எழுந்ததும் லாகைப் படிக்கும். கமிட் உள்ளதை நிறைவேற்றும், இல்லாததைக் கணக்கில் சேர்க்காது. பாதி மாற்றம் என்ற ஒன்றே கிடையாது.

“எங்கடீ படிச்ச இதெல்லாம்?”

“சோறு வேகுற நேரத்துல, யூடியூப்லதான்.”

“என் சோறு வேகுறப்போ நான் கொரியா நாடகம்லா பாக்குறேன்!”

மே 26, திங்கள்

நூர் பீவி மாமி மூன்றாம் மாட்டில். அவர் அக்கா ஐந்தாம் மாட்டில். பல வருடம் பேசாமலிருந்து இந்த நோன்பில்தான் இருவரும் ராசியானார்கள். இரண்டு பெயரையும் சேர்த்து வாசிக்க வேண்டுமாம். ஐந்தாம் மாட்டில் இருக்கும் ஹஸ்ருல் இடம் மாறினால் முடியும். மாற்றத்தை ஆரம்பித்து, அவர் சம்மதத்துக்காகக் கமிட் செய்யாமல் காத்திருந்தேன். ஹஸ்ருல் பிறை ஊர்த் தொழிற்சாலையில் ஷிப்டில் இருந்தார், ஃபோன் எடுக்கவில்லை.

திடீரென்று கரண்டு போயிற்று.

மே 27, செவ்வாய்

எல்லாம் எழுந்தது. கரண்டு போவதற்குச் சற்று முன் கமிட் செய்த பெயர்கள்கூட அப்படியே இருந்தன. அல்ஹம்துலில்லாஹ்.

மே 28, புதன்

மாமி கோபமாக வந்தார். பட்டியலில் இன்னும் மூன்றாம் மாடு.

“மாத்தியாச்சுன்னு ஷஃபீக் சொன்னானே! மாட்ட நாம திங்கணும். ஒம் மெஷின் என் பேரத் தின்னுடுச்சா?”

நான் கமிட் செய்யுமுன்பே இவன் ஏன் சொன்னான்? கேட்டால், “பாவம்லா அக்கா, அழுதாங்க...” என்கிறான். அண்ணன் பழைய நோட்டை எடுத்துவிட்டார். ஒரு பெயர் போனால் ஊரே என் பட்டியலை நம்பாதே — ஆனால் எதுவும் போகவில்லையே!

மாமியை உட்காரவைத்துக் காட்டினேன். மூன்றிலும் ஏழு பேர், ஐந்திலும் ஏழு பேர்.

“மாமி, பந்தல் போட்டாச்சு, பிரியாணி எறக்கியாச்சு. வந்தவன் நிக்காஹ்ல இன்னும் கபூல்னு சம்மதம் சொல்லல. அவன் மாப்பிள்ளையா?”

“விருந்தாளி.”

“ஒங்க மாத்தமும் அப்படித்தான். கமிட்தான் கபூல். அது ஆகாததால ஒங்க பங்கு பழைய எடத்துல முழுசா இருக்கு. நோட்டா இருந்தா அங்கேயும் இல்லாம இங்கேயும் இல்லாம நின்னிருப்பீங்க.”

மாமி திரையில் தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தார். அண்ணன் ஷஃபீக்கிடம், “இனிமே ஹாஜரா சொல்றவரைக்கும் ஆச்சுன்னு வாயத் தொறக்காத” என்றார்.

மே 30, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து மாமி அக்காவையும் அழைத்து வந்தார். இனி சம்மதம் வந்த பிறகே மாற்றத்தை ஆரம்பிப்பது என்று வைத்திருக்கிறேன். அக்காதான் பொறுக்காமல், “போட்டுரும்மா, அந்தப் பையன் என்ன சொல்லப் போறான்?” என்றார். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். “போடாத. அவன் கபூல் சொல்லட்டும்.” நோட்டு அலமாரிக்குத் திரும்பிவிட்டது.

மூவரும் சேர்ந்து அனுப்பியது:

தம்பி ஹஸ்ருல், ஐந்தாம் மாட்டிலிருந்து மூன்றாம் மாட்டுக்கு மாற உங்களுக்குச் சம்மதமா? இல்லை என்றாலும் வருத்தமில்லை. சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.