ஒன்று, நான்கு, ஏழு

செவ்வாய்க்கிழமை, காலை

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் பிரித்தாயே, அதற்கே நன்றி. நீங்கள் இருவரும் என் எண்ணை முடக்கி ஆறு வருடம் ஆகிறது. நேற்று மட்டும் பதினோரு தடவை முயன்றேன். குசலம் விசாரிக்க அல்ல. பயமாக இருக்கிறது.

வரும் வெள்ளிக்கிழமை உன் வீட்டுக்காரர் தன் சர்வர் கூடத்தில் ஒரு சோதனை வைத்திருக்கிறார். அங்கே மின்சாரம் இரண்டு பக்கத்திலிருந்து வருகிறது. ஒரு பக்கத்தை அணைத்து, முழுச் சுமையையும் மறுபக்கத்தில் ஏற்றி, பேனல் கதவைத் திறந்துவைத்து, எங்கே சூடேறுகிறது என்று கேமராவில் பார்ப்பார்கள். கேமராவைப் பிடிப்பது அவர்தான். தலைமைப் பொறியாளர் அல்லவா, அடுத்தவரை நம்ப மாட்டார். எனக்கு வரவேண்டிய நாற்காலி அது என்பதைச் சொல்லாமல் விட நினைத்தேன், முடியவில்லை.

உனக்குப் புரியும்படி சொல்கிறேன். ஒவ்வொரு பக்கத்திலும் மின்சாரம் மூன்று லைனாக வருகிறது: சிவப்பு, மஞ்சள், நீலம். மூன்று பேர் பீரோ தூக்குவது மாதிரி, பாரம் சமமாக இருக்க வேண்டும். அதற்காக அவர், சர்வர்களை அடுக்கிய அலமாரிகளில் முதல் ரேக்கைச் சிவப்பில், இரண்டாவதை மஞ்சளில், மூன்றாவதை நீலத்தில், நான்காவதை மறுபடி சிவப்பில் என்று வரிசையாகக் கொடுத்தார். தப்பில்லை. ஆனால் ஏ.சி. போட்டவர்கள், அதிகம் சூடாகும் கனத்த ரேக்குகளை ஒட்டி வைக்காதீர்கள், நடுவில் இரண்டு சாதாரண ரேக் இருக்கட்டும் என்றார்கள். அதுவும் தப்பில்லை. இரண்டையும் சேர்த்துப் பார். ஒன்று, நான்கு, ஏழு, பத்து... கனத்த ஒன்பதும் சிவப்பிலேயே போய் விழுந்துவிட்டன. எண்ணிக்கையில் சமம், பாரமெல்லாம் ஒருவன் தலையில்.

அங்கே வேலை செய்யும் என் பழைய வயர்மேன் ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தான். சிவப்பு லைன் பாதிச் சுமையிலேயே இரண்டு முறை டிரிப் ஆகி, தானே அணைந்துவிட்டதாம். அணைக்கும் பிரேக்கர்தான் கோளாறு என்று நினைத்து, எளிதில் அணையாதபடி அதன் அளவை உன் வீட்டுக்காரர் ஏற்றி வைத்துவிட்டார் என்று சாதாரணமாகச் சொன்னான். வெள்ளிக்கிழமை அந்த லைனில் இரண்டு மடங்கு ஏறும். அணைய வேண்டியது அணையாது. இணைப்பு உருகி வெடித்தால், கதவுக்கு முன்னால் நிற்பவருக்கு விலகக்கூட நேரம் இருக்காது. அப்படி ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். எந்த நிலையில் என்று உனக்கு எழுத மாட்டேன்.

நீயே போய்ச் சொல் என்று வயர்மேனிடம் கெஞ்சினேன். உங்கள் ஆள் என்று தெரிந்தால் என் வேலை போய்விடும் சார் என்று கும்பிட்டுவிட்டான். அவர் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். மேனேஜர் சிரித்தார். "அவர் மேல நீங்க போட்ட புகாருக்குன்னே தனியா ஒரு ஃபைல் வச்சிருக்கோம் சார். இது எத்தனையாவது?" என்றார். ஏழாவது. முந்தைய ஆறில் நான்கு வீம்புக்குப் போட்டவை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அந்த ரேக் இணைப்பின் வரைபடம் மார்ச் மாதம் ஒப்பந்தக்காரர் வழியாக, சரிபார்த்துக் கையெழுத்திட என்னிடம்தான் வந்தது. ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. ஒன்பது ரேக்கையும் பென்சிலால் வட்டமிட்டேன். பிறகு, வட்டமில்லாத பிரதியை எடுத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். சோதனையன்று டிரிப் ஆகும், எல்லார் முன்னாலும் அவர் முகம் தொங்கும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். பிரேக்கரில் கை வைப்பார் என்று நினைக்கவில்லை.

அந்தப் பென்சில் தாளை இதோடு வைத்திருக்கிறேன், தேதியோடு. என் லைசென்ஸ் போகும், போகட்டும். என் பேச்சை நம்பாதவர் அதை நம்புவார். ரேக்குகளை நகர்த்த வேண்டாம். கனத்த ஒன்பதில் ஆறின் இணைப்பை மாற்றி, மூன்றை மஞ்சளுக்கும் மூன்றை நீலத்துக்கும் கொடுத்தால் போதும். அரை நாள் வேலை. பிரேக்கர் அளவையும் பழையபடி இறக்கச் சொல். இது வியாழன் காலை உன் கைக்கு வரும் என்று கூரியர்காரர் சொல்கிறார். ஒரு நாள் இருக்கிறது. அவர் கேட்காவிட்டால் வண்டிச் சாவியை ஒளித்து வை. சண்டை போடு. அதை உனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மட்டும் என் எண்ணைத் திறந்து, மாப்பிள்ளை மதியம் வீட்டில் சாப்பிட்டார் என்று ஒரு வரி அனுப்பு. அதற்குக் கீழே என்னை எப்படித் திட்டினாலும் சரி.

உன் அண்ணன்