பன்னிரண்டுக்குள் இருந்த தேதிகள்

29-05-2091, 10:20

நெய்தல் கப்பல். காவல்முறை: ஜெசிந்தா அருளப்பன், தரவுப் பொறியாளர். விழித்திருப்பவள் நான் ஒருத்தி. உறைதொட்டிகளில் உறங்குபவர்கள் ஆறு பேர். ஒவ்வொருவருக்கும் மாதம் ஒரு ஊசி. அதுதான் உறக்கத்தைக் காக்கிறது.

இன்று ஒரு கட்டளை எழுதி, ஊசி அட்டவணையைப் பழைய கணினியிலிருந்து இறக்கிப் புதியதில் ஏற்றினேன். 72 வரிகள். பிழை ஏதும் இல்லை. தேதி வடிவம் கேட்ட கட்டத்தை வெறுமையாக விட்டேன். கணினியே கண்டுகொள்ளும் என்கிறது கையேடு.

01-06-2091, 06:05

மருத்துவர் ஷாகிராவின் தொட்டியில் ஊசி மருந்தை ஏற்றும் பம்பு ஓடியது. அவருக்கு ஊசி ஆறாம் தேதி அல்லவா? சோதனை ஓட்டமாக இருக்கும். காபி குடிக்கப் போகிறேன்.

02-06-2091, 06:05

ஷாகிராவுக்கு மறுபடியும் பம்பு ஓடியது. நிமிடத்துக்குப் பத்து இருக்க வேண்டிய இதயத்துடிப்பு நான்கு. கேப்டன் வைகுந்தனுக்கு நேற்று ஊசி போட்டிருக்க வேண்டும். போடவில்லை.

2091 ஜூன் 2, 06:50

இனி மாதத்தைப் பெயரால்தான் எழுதுவேன்.

பழைய கணினி தேதியில் முதலில் நாள், பிறகு மாதம் என்று எழுதும். நான் கட்டத்தை வெறுமையாக விட்டதால் புதியது முதல் எண்ணை மாதமாகப் படித்துவிட்டது. ஷாகிராவுக்கு ஒவ்வொரு மாதமும் ஆறாம் தேதி ஊசி: 06-01, 06-02, 06-03. புதியதன் கணக்கில் அவை ஜூன் ஒன்று, ஜூன் இரண்டு, ஜூன் மூன்று. ஒரு வருட மருந்தைப் பன்னிரண்டே நாளில் ஏற்றப் பார்க்கிறது. கேப்டனுக்கு மாதம் ஒன்றாம் தேதி. அவருடைய பன்னிரண்டு ஊசிகளும் ஜனவரிக்குப் போய்விட்டன.

ஒரே ஒரு தேதி பன்னிரண்டைத் தாண்டியிருந்தால் போதும். பதிமூன்றாம் மாதம் கிடையாது என்று கணினி நின்றிருக்கும். எங்கள் ஆறு பேருக்கும் எல்லாம் பன்னிரண்டுக்குள்.

ஷாகிராவின் குழாயைக் கையால் அடைத்தேன். நாள்-மாதம்-ஆண்டு என்று வடிவத்தைக் குறித்து மறுபடி ஏற்றினேன். மூன்று முறை படித்துப் பார்த்தேன். கேப்டனின் உடல் சூடேறத் தொடங்கிவிட்டது. இனி மருந்து கொடுத்தால் இதயம் நின்றுவிடும். அவர் விழிக்கத்தான் வேண்டும். பூமிக்கு எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதி அனுப்பினேன். போய்ச் சேர 41 நிமிடம்.

ஜூன் 2, 17:30

தட்டும் சத்தம். கேப்டன் தொட்டிக்குள்ளிருந்து. மூடியை வெளியிலிருந்துதான் திறக்க முடியும். மோட்டார் அசையவில்லை. சக்கரத்தைக் கையால் சுற்றினேன். உள்ளங்கை கிழிந்தது. சத்தம் நடுவில் நின்றபோது நான் கத்தினேன்.

18:05

திறந்துவிட்டேன். உயிரோடு இருக்கிறார். நகங்களில் ரத்தம். அவர் சொன்னது: "சிந்தா, எம்புட்டு நேரமாத் தட்டுதேன்... ஒரே இருட்டு தாயி. செத்துட்டேன்னுல நெனச்சேன்."

என்ன செய்தேன் என்று சொன்னேன். திட்டவில்லை. "ஷாகிரா எங்க?" என்று மட்டும் கேட்டார்.

ஜூன் 3, 09:00

ஷாகிரா 08:52க்கு இறந்தார். கேப்டன் ஒரு மணி நேரம் மார்பை அழுத்திக்கொண்டிருந்தார். நிற்கவே தெம்பில்லாதவர். நான்தான் அவர் கையைப் பிடித்து விலக்கினேன்.

11:15

பூமியிலிருந்து செய்தி. கட்டுப்பாட்டு அறையில் என் பொறுப்பாளர் காசிம் லெப்பையின் குரல். அப்படியே எழுதுகிறேன்:

"அக்கா, ஒங்க மேல மட்டும் தப்பில்லக்கா, நாங்களும் பாக்காம விட்டுட்டோம். இன்னொண்ணு எப்படிச் சொல்லன்னு தெரியல. ஒங்க பின்னால முல்லை கப்பல் வருதுல்லா, 212 பேரு. நீங்க எழுதுன கட்டளை பிழையில்லாம ஓடிச்சின்னு அதையே அங்கயும் அனுப்பிட்டாங்க. வடிவம் ஒத்துவராத வரிய விட்டுட்டு மிச்சத்த ஏத்துன்னு சொல்லி, முப்பதாம் தேதியே ஏத்தியாச்சு. அங்க முழிச்சிருக்க ஒரு ஆளு கெடையாதுக்கா. எங்கள விட நீங்கதான் கிட்ட. ஏதாச்சும் செய்யுங்க."

11:22

திருத்திய கட்டளையை முல்லைக்கு அனுப்பிவிட்டேன். போக ஆறு நிமிடம், பதில் வர ஆறு நிமிடம். கேப்டன் போர்வையோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய தங்கை அந்தக் கப்பலில்.

11:34

முல்லையின் பதில்: "கட்டளை கிடைத்தது. உயிர்காப்பு அட்டவணையை மாற்ற, கப்பலில் விழித்திருப்பவர் ஒருவர் உறுதிப்பொத்தானை அழுத்த வேண்டும். காத்திருக்கிறேன்."

யாரும் இல்லை என்று அனுப்பினேன். பூமியின் சாவி எண்ணை அனுப்பினேன். கெஞ்சியும் அனுப்பினேன். இயந்திரத்திடம்.

11:47

அதே பதில்.

12:00

விழித்திருப்பவர் எத்தனை பேர் என்று கேட்டு அனுப்பச் சொன்னார் கேப்டன். ஏன் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. அனுப்பிய பிறகுதான் புரிந்தது. ஊசி தவறியவர்கள் அங்கேயும் விழித்திருப்பார்கள்; அவர்களில் ஒருவர் அழுத்தினால் போதும்.

12:12

"விழித்திருப்போர்: 31. திறந்த தொட்டிகள்: இல்லை. உறுதிப்பொத்தானுக்காகக் காத்திருக்கிறேன்."

12:24

"விழித்திருப்போர்: 38. திறந்த தொட்டிகள்: இல்லை. உறுதிப்பொத்தானுக்காகக் காத்திருக்கிறேன்."