பினாங்குக்குத் திரும்புகிறேன்

திருவண்ணாமலை,
10-2-1961

அன்புத் தங்கைக்கு,

வாயும் வயிறுமாக இருக்கும் உன்னிடம் சொல்லாமல் கிளம்பிவிட்டேன். சொல்லியிருந்தால் நீ அழுதிருப்பாய், நான் நின்றிருப்பேன். இப்போது, போன தடவை என்னோடு பினாங்கில் வேலை செய்த ஜினமதி வீட்டில் இருக்கிறேன். நாளை இருவரும் மெட்ராஸ் போய்ப் பினாங்குக்குக் கப்பல் ஏறுகிறோம். போன தடவை இருந்த அதே அநாதைப் பிள்ளைகள் இல்லம், சம்பளமில்லாத அதே வேலை.

நேற்று நம் மாமியார் சொன்னது உன் காதிலும் விழுந்தது. "ஒனக்குப் பொறக்கலன்னுதான் ஒன் தங்கச்சியையும் கட்டிவெச்சோம். அவ பெத்துக் குடுக்கிறத வளத்துக்கினு இங்கியே கெட." அவரும் அங்கேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார், ஊற்றினேன்.

பினாங்கில் ஒரு சிறுமி, ரப்பர் தோட்டத்தில் தாய் தகப்பனைப் பறிகொடுத்தவள், நான் கிளம்பியபோது முந்தானையை விடவில்லை.

"திரும்பி வருவியா?"

"வருவேன்" என்றேன்.

"யாரைக் கேட்டு சொன்ன?" என்று ஜினமதி சிரித்தாள். யாரையும் கேட்கவில்லை. இனியும் கேட்கப்போவதில்லை.

உன்மேல் எனக்குக் கோபமில்லை. உன்னை மட்டும் யார் கேட்டார்கள்? பிரசவத்துக்கு அம்மாவை வரச்சொல்லி எழுதிவிட்டேன். தைரியமாக இரு.

உன் பிள்ளை ஒருநாள் பெரியம்மா எங்கே என்று கேட்கும். ஓடிப்போய்விட்டாள் என்று சொல்லச் சொல்வார்கள். நீ அப்படிச் சொல்லாதே. வேலைக்குப் போயிருக்கிறாள் என்று சொல். அந்த வீட்டில் எல்லார் காதிலும் விழும்படி சத்தமாகச் சொல்.

உன்னைத் தூக்கி வளர்த்த
அக்கா