டிரெய்லரில் எரிந்த விளக்கு

நாற்பதடி தள்ளி இருப்பவளுக்கு,

கதவைத் தட்டியே கேட்டிருக்கலாம். ஏனோ எழுதுகிறேன்.

உன் தங்கை வந்தபோது வீட்டில் இடம் போதாதென்று, நாம் காரில் கட்டி ஏரிக்கு இழுத்துப்போகும், படுக்கையும் குழாயும் வைத்த பழைய டிரெய்லருக்குள் வந்து படுத்தேன். அவள் ஓமாஹாவுக்குத் திரும்பி ஐந்து வாரமாகிறது. என் தலையணை இன்னும் இங்கேதான் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலையில் காபி மெஷின் நின்றுபோனது. விளக்கு எரிந்தது, குழாயில் தண்ணீர் வந்தது, காபி மட்டும் இல்லை. பழைய வண்டிதானே என்று மூன்று நாளாக எல்லா பியூஸையும் கழற்றி மாட்டினேன். ஒன்றும் புரியவில்லை. நேற்று விளக்கும் மங்கியது. பக்கத்துப் பண்ணைக்காரன் ஆர்வில் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“யோவ், இதுல ரெண்டு கரண்ட் ஓடுது. சுவத்து பிளக்குக்கு வீட்டுலேருந்து வரணும். விளக்கும் தண்ணி பம்பும் பாட்டரியில ஓடும். வீட்டு கரண்ட் நின்னாலும் பாட்டரி ரெண்டு மூணு நாள் தாங்கும். நின்னதே உனக்குத் தெரியாது.”

டிரெய்லரிலிருந்து வீட்டுக்குப் போகும் ஒயரைப் பிடித்துக்கொண்டே கராஜ் வரை போனோம். பிளக்கைக் கழற்றி, மிச்ச ஒயரை வட்டம் வட்டமாகச் சுருட்டி ஆணியில் மாட்டியிருந்தது. ஆர்வில் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, “மாட்டைப் பாக்கணும்” என்று போய்விட்டான்.

கோபத்தில் பிடுங்கியிருந்தால் வீசியெறிந்திருப்பாய். இவ்வளவு அழகாக ஏன் சுருட்டினாய்? உள்ளே வா என்பதா, போய்விடு என்பதா? நான் திரும்பச் சொருகவில்லை.

விளக்கு எரிந்ததால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். மூன்று நாளாக மட்டுமல்ல.

இப்படிக்கு,
இன்னும் காபி குடிக்காத
உன் கணவன்