பிளவுஸ் துணிகளுக்குப் பின்னால் ஒரு ஜாமெட்ரி பாக்ஸ்

அக்கா,

இன்று காலை பிளவுஸ் துணிகளை அடுக்கும்போது உங்கள் மகனின் பழைய ஜாமெட்ரி பாக்ஸ் கையில் தட்டுப்பட்டது. திறந்தேன். தைல வாசம் இன்னும் போகவில்லை. மூலையில் கொஞ்சம் வெள்ளைத் தூள்.

தாம்பரத்தில் நம் புடவைக் கடையின் இரண்டாம் மாடிக்கு இந்த பாக்ஸ்தான் ஆஸ்பத்திரி. வார லீவு முடிந்து வருகிறவள் ஒரு அட்டை வலி மாத்திரை வாங்கி வந்து இதில் போட வேண்டும். நீங்கள் வைத்த வழக்கம் அது. மருந்துக் கடையில் டாக்டர் சீட்டு கேட்கமாட்டார்கள். எத்தனை அட்டை என்று மட்டும் கேட்பார்கள். நானும் வாங்கி வந்தேன். அதை மறைத்துவிட்டு உங்களுக்கு எழுத முடியாது.

நான் சேர்ந்த புதிதில், கடை திறப்பதற்கு முன்பே டீயோடு ஒன்றைப் போட்டுக்கொண்டீர்கள். இன்னும் வலிக்கவே இல்லையே என்றேன். "வலி வந்தப்புறம் போட்டு இன்னாடி பிரயோஜனம்? வர்ற வழியிலயே மடக்கணும்."

தண்ணீர் பாட்டிலை நீட்டினால் தள்ளிவிடுவீர்கள். குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும். மூன்றாவது முறை போனால் வாடிக்கையாளர் முன்னாலேயே ஏன் என்று சூப்பர்வைசர் கேட்பார்.

கால் வீங்கியபோது, நின்று நின்று வந்த வீக்கம் என்று நினைத்தோம். ஒன்றை இரண்டாக்கினோம். கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, தினம் எத்தனை போடுவீர்கள் என்று டாக்டர் கேட்டதற்கு, "கொழம்புல உப்பு மாதிரி சார், யாரு எண்ணினா" என்றீர்கள். அவர் சிரிக்கவில்லை. என்றைக்காவது ஒன்று போடுவது வேறு, தண்ணீர்கூடக் குடிக்காமல் வருடக்கணக்கில் தினமும் போட்டதில் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன என்றார்.

இரும்புலியூரில் உங்கள் வாசலுக்குத் துக்கம் கேட்க வந்தவர்கள், படிக்காத பெண், தானே வாங்கி விழுங்கிவிட்டாள் என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் பி.காம். படித்தவள். நானும் அதைத்தான் விழுங்கினேன். பத்து மணி நேரம் நிற்கவைத்தவரைப் பற்றி அங்கே ஒருவரும் பேசவில்லை. கடைக்காரர்கள் வேலையாட்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்தபோது வாங்கிய ஸ்டூல்கள் நம் மாடியிலேயே இருந்தன. அவற்றின் மேல் புடவை கட்டிய பொம்மைகளை ஏற்றி வைத்திருந்தார்கள்.

உங்கள் காரியம் முடிந்த மறுநாள் ஒரு பொம்மையை இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். சூப்பர்வைசர் வந்து நின்றார்.

"சார், அதுக்குக் கால் வலிக்காது. எனக்கு வலிக்குது."

முதலாளியிடம் சொல்வேன் என்றார். சொல்லுங்கள் என்றேன். அடுத்த நாள் இன்னும் மூன்று பொம்மைகள் தரைக்கு வந்தன. நான் இறக்கியது ஒன்றைத்தான். இப்போது ஒன்றுகூட மேலே இல்லை. கவுண்டருக்கு அடியில் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் இருக்கிறது.

காலையில் உங்கள் பாக்ஸைத் துடைத்து, புடவைக்குக் குத்தும் பின்களைக் கொட்டி வைத்தேன். நாலு மணிக்கு நல்ல கூட்டம். முழங்கால் வலித்தது. பார்க்காமலே கை பின்னால் போய் பாக்ஸைத் திறந்தது. நீங்கள் பழக்கிய கை.

விரலில் பின் குத்தியது. உட்கார்ந்தேன், அக்கா.