பலூனில் அடைத்த நைட்ரஜன்

செவ்வாய், இரவு

ஜெபராஜின் முகத்தை நினைத்தாலே எரிகிறது. ஆய்வகத்தில் எனக்கு சீனியர். நைட்ரஜன் சிலிண்டரின் சாவி எப்போதும் அவன் பாக்கெட்டில்தான் கிடக்கும்; கேட்டாலும் தரமாட்டான்.

நான் உருவாக்கிய மூலக்கூறு, விளக்கொளியில் வாங்கிய ஆற்றலில் ஒரு பங்கைப் பிடித்துவைத்து, அறைச் சூட்டிலேயே சற்றுத் தாமதமாக ஒளியாக விடும். கரைசலில் ஆக்சிஜன் இருந்தால் அந்தத் தாமத ஒளி செத்துவிடும். நைட்ரஜனை ஊதி ஆக்சிஜனை விரட்டிய பிறகுதான் அளக்க வேண்டும். என் கரைசலை அளந்தபோது ஜெபராஜ் ஊதவே இல்லை. "தாமத ஒளி ஒண்ணும் வரல சார்" என்று நேற்று பேராசிரியரிடம் சொல்லிவிட்டான். "இது வெளங்காதும்மா, வேற பாரு" என்றார் அவர். என் இரண்டு வருட வேலை.

இன்று காலை துறைமுகச் சாலையில் லாரி டயருக்கு நைட்ரஜன் அடிக்கிற கடையில் போய்ப் பலூனை நீட்டினேன்.

"பொறந்தநாளாம்மா?" என்றார் கடைக்கார அண்ணாச்சி.

ஆமாம் என்றேன்.

அது அவ்வளவு சுத்தமான நைட்ரஜன் இல்லை. ஆனாலும் ஆய்வகத்துக்கு வந்து அதைக் கரைசலில் ஊத ஊத, புற ஊதா விளக்கின் கீழே குப்பிக்குள் பச்சை ஒளி ஏறிக்கொண்டே வந்தது.

ஜெபராஜ் பின்னால் வந்து நின்று பார்த்தான். "ஏளா, நானுந்தான அளந்தேன். ஆராய்ச்சிப் பேப்பர்ல எம் பேரையும் போட்டுரு."

மூடியைத் திறந்து, காற்றுப் புகும்படி நன்றாகக் குலுக்கினேன். பச்சை மங்கிப்போனது. குப்பியை அவன் கையில் வைத்தேன்.

"இந்தாங்கண்ணே, நீங்க அளந்தது இதுதான். இதுல போட்டுக்கோங்க உங்க பேர."