ஹேடாக்கை மூழ்கடித்தது நான் இல்லை

அக்டோபர் 6, ஞாயிறு

ஹேடாக் மூழ்கிவிட்டது. பழி என் மேல்.

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். நாளைக்கே மர்டாக் வேறு கதை கட்டுவான். கணினி ஆட்டத்தில் இன்று மத்தியதரைக் கடல். ஒரு சரக்குக் கப்பலை அடித்துவிட்டு, எங்கள் நீர்மூழ்கி ஹேடாக்கை ஆழத்துக்கு இறக்கிவிட்டோம். மேலே இரண்டு நாசகாரிக் கப்பல்கள் எங்களைத் தேடிச் சுற்றின. மர்டாக்கின் பேஸ்மென்ட்டில் வழக்கம்போல மூன்று பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு, வாய் திறக்காமல், வாயில் இருந்ததை மெல்லாமல் உட்கார்ந்திருந்தோம். கணினிக்கு உங்கள் செருப்புச் சத்தமா கேட்கப்போகிறது என்று பேசில் சிரிப்பார். கட்டிய கணவருக்கே புரியாதபோது யாரைச் சொல்ல? நாங்கள் அப்படித்தான் விளையாடுவோம்.

ஒரு நாசகாரியின் சுழலிச் சத்தம் தூரத்தில் தேய்ந்து போனது. இன்னொன்றின் சத்தம் நின்றது. பிறகு ஒன்றுமே இல்லை. போய்விட்டது என்று சைகை காட்டினேன். ஆல்டன் படகை மேலே ஏற்றினான். பார்த்தால், தலைக்கு நேர் மேலே எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது அந்தச் சனியன்.

குண்டு விழுந்தது. ஹேடாக் போயிற்று. செத்தால் செத்ததுதான் என்பது எங்கள் சட்டம். சேமித்த ஆட்டத்தை அழித்துவிட்டு, புதுப் படகுக்கு இன்னொரு மீனின் பெயரை வைத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். போன குளிர்காலம் முழுக்க உயிரோடு காப்பாற்றிய படகு. ஆல்டன் பெரிய லாரி மெக்கானிக், அவனுக்கே கண் கலங்கிவிட்டது.

மர்டாக் என்னைப் பார்த்து, "வெர்னா, தூங்கிட்டியா?" என்றான்.

தூங்கினேனாம்! கடலின் சத்தம் முழுக்க ஒரே ஒரு ஹெட்போனில்தான் வர வேண்டும், கேட்பவர் சொன்னால் யாரும் எதிர்க் கேள்வி கேட்கக் கூடாது, இரண்டும், கேப்டன் என்ற முறையில் அவனே போட்ட சட்டங்கள். அந்த ஹெட்போன் இத்தனை வருடமும் என் தலையில்தான் இருந்திருக்கிறது. அப்போதெல்லாம் நான் தூங்கவில்லை போலும்.

அக்டோபர் 9

மைக்ரோவேவும் மணி அடிப்பதை நிறுத்திவிட்டது. சூப் உள்ளேயே ஆறிக் கிடந்தது. இந்தக் காலத்தில் செய்கிற சாமான் எதுவும் உருப்படி இல்லை. அடித்ததே என்கிறார் பேசில். இவர் ஒருவர், எதற்கெடுத்தாலும் எதிர்ப்பாட்டு.

அக்டோபர் 20, ஞாயிறு

புதுப் படகு மேக்கரலும் போயிற்று. அதே மாதிரி! சுழலி நின்றது, நிசப்தம், மேலே வந்தோம், குண்டு.

இப்போது புரிந்துவிட்டது. போன மாதம் ஆட்டத்துக்குப் புது மாற்றம் ஒன்று இறக்கினார்கள் அல்லவா? அதில் நாசகாரியின் சோனார் சத்தத்தையே தொலைத்துவிட்டார்கள். முன்பெல்லாம் எஞ்சினை அணைத்துவிட்டுப் பதுங்கினாலும் 'டங், டங்' என்று நம்மைத் துழாவுவது கேட்கும். இப்போது அந்த டங் இல்லை. நான் என்ன ஜோசியமா பார்ப்பது?

சொன்னேன். மர்டாக் நம்பவில்லை. சாண்ட்விச்சை மென்றபடி, "ஒரு தடவை கிரெய்க் கேட்டுப் பார்க்கட்டுமே" என்றான். கிரெய்க் அவன் மருமகன். படகு எது, பாத்திரம் எது என்று தெரியாதவன். அவன் உட்காருவதற்கு என் நாற்காலி! தபால்காரனாக ஊரெல்லாம் நடந்த மர்டாக்குக்கு மனிதர்கள் மேல் இவ்வளவுதான் நம்பிக்கை.

ஆல்டன் ஏதாவது சொல்வான் என்று பார்த்தேன். கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

அக்டோபர் 21

ஆட்டத்தைச் செய்தவர்களுக்குப் புகார் எழுதினேன். மரியாதையாகத்தான் தொடங்கினேன். முடிவு அப்படி இல்லை.

அக்டோபர் 30

பதில் வந்துவிட்டது. திமிரைப் பார். சத்தம் தொலையவில்லையாம். அந்தக் கால அசல் கருவிக்கு நெருக்கமாக இருக்கட்டும் என்று அதை மெல்லிசாக, உச்ச சுருதியில், மாற்றியிருக்கிறார்களாம். மாதிரிக்கு ஒலித்துண்டு ஒன்று அனுப்பியிருக்கிறார்கள்.

போட்டுப் பார்த்தேன். வெறுமை! ஒலியை முழுக்க ஏற்றினேன். சுத்த வெறுமை. என்னை முட்டாள் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். நல்லது. ஞாயிற்றுக்கிழமை இதை மர்டாக் முன்னால் பெரிய ஸ்பீக்கரில் போடுகிறேன். அப்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

நவம்பர் 3, ஞாயிறு

பார்த்தேன்.

கிரெய்க் என் நாற்காலியில் உட்கார்ந்து நொறுக்குத்தீனி தின்றுகொண்டிருந்தான். எழுந்திரு என்றேன். மர்டாக்கும் ஆல்டனும் ஆளுக்கொரு முட்டை சாண்ட்விச்சோடு இருந்தார்கள். இவர்கள் எனக்கு அனுப்பிய லட்சணத்தைக் கேளுங்கள் என்று சொல்லி ஒலித்துண்டைப் போட்டேன். வெறுமைதான்.

ஆனால் மர்டாக்கின் தாடை மெல்லுவதை நிறுத்திவிட்டது. சாண்ட்விச் பாதி வாய்க்குள். ஆல்டன் தன்னை அறியாமலே காலைச் செருப்பிலிருந்து மெல்ல உருவிக்கொண்டான். இரண்டு பேரும் கூரையைப் பார்த்தார்கள். அப்படியே உறைந்து போய், மூச்சுக்கூட விடாமல். நாசகாரி வந்துவிட்டால் நாங்கள் உட்காரும் விதம் எனக்குத் தெரியாதா?

"எதுக்கு எல்லாரும் இப்படி உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டது கிரெய்க்தான்.

அவர்கள் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. கோட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 4

மைக்ரோவேவ் முன்னால் நின்று பார்த்தேன். விளக்கு அணைந்தது. அவ்வளவுதான்.

நவம்பர் 7

பேசிலுக்கு ஒரு வருஷமா தெரியுமாம். ஒரு வருஷம்! அதனால்தான் போன் வந்தால் இவர் ஓடி ஓடி எடுத்திருக்கிறார். ஏன் சொல்லலேன்னு கேட்டா, "சொன்னா நீ கடிச்சுக் குதறிடுவியே"ங்கறார். குதறத்தான் செய்வேன். அதுக்காக? ஊருக்கெல்லாம் தெரிஞ்சது எனக்கு மட்டும் தெரியக் கூடாதா? ரெண்டு படகு போச்சே. ஆல்டன் அழுதானே. நான் ஆட்டத்தைச் செஞ்சவங்களை அவ்வளவு திட்டி எழுதினேனே.

நவம்பர் 19

பாலத்தைத் தாண்டி ஹாலிஃபாக்ஸ் நகரத்துக்குப் போய்க் காதைச் சோதித்துக்கொண்டேன். தாழ்ந்த சுருதிச் சத்தமெல்லாம் நன்றாகக் கேட்கிறதாம். சுருதி மேலே போகப் போக ஒன்றுமில்லை. நாற்காலியில் ஏறக்கூட உதவி தேவைப்படுகிறவளிடம் பேசுவதுபோல ஒரு சின்னப் பெண் மெதுவாக விளக்கினாள். காதுக்கருவி கொடுத்திருக்கிறார்கள். அதன்மேல் ஹெட்போனை வைத்தால் கீச்சிடுகிறது. வீட்டில் எத்தனையோ விதமாக வைத்துப் பார்த்துவிட்டேன்.

ஆக, நாற்காலி போயிற்று. என் நாற்காலி.

நவம்பர் 24, ஞாயிறு

நான் போகவில்லை. மர்டாக் வந்தான். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை, அவனே வந்து சமையலறையில் உட்கார்ந்தான். கிரெய்க்குக்குப் பொறுமை கிடையாதாம், வரவேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். ஆல்டன் கேட்கட்டும், நீ படகை ஓட்டு என்றான். ஆல்டனுக்குப் பயம் வந்தால் வேகத்தைக் கூட்டிவிடுகிறானாம்.

இரக்கப்பட்டு இடம் கொடுக்க வேண்டாம் என்றேன். நான் இரக்கப்பட்டு நீ எப்போது பார்த்திருக்கிறாய் என்றான். அதுவும் உண்மைதான்.

"நான் தூங்கலை, மர்டாக்."

"தூங்கலை. சரி. எழுதி வச்சுக்க."

எழுதி வைத்துவிட்டேன். கோபம் இன்னும் போகவில்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

புதுப் படகு ஹாலிபட். இரண்டு நாசகாரிகள் துரத்தின. குண்டு வெடித்த கொந்தளிப்புக்குள்ளேயே படகைத் திருப்பி, அவை போன வழியிலேயே பின்னால் பதுங்கினேன். மர்டாக் தலையாட்டினான், வாய் திறந்து பாராட்டினால் முத்து உதிர்ந்துவிடும்.

பிறகு நிசப்தம். ஆல்டன் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டி, பொறு என்றான். பொறுத்தேன். நாசகாரி மேலே இருப்பதும் போனதும் எனக்கு இப்போது ஒரே நிசப்தம்தான். அவன் தவறாகக் கேட்கிறானோ? புதியவன் ஆயிற்றே. படகில் காற்று குறைந்துகொண்டே வந்தது. என் கை, படகை மேலே ஏற்றும் பொத்தானுக்குப் போய்ப் போய்த் திரும்பியது. இத்தனை வருடம் இவர்கள் இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இப்படித்தான் உட்கார்ந்திருந்தார்களா?

மர்டாக்குக்குப் பொறுக்கவில்லை. "ஆல்டன், போயிருக்கும்பா. நல்லாக் கேட்டியா?" என்று கிசுகிசுத்தான்.

"கேக்கறவனைக் கேள்வி கேட்காதே" என்றேன். பேஸ்மென்ட் அதிரும்படி சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

நாங்கள் கீழேயே கிடந்தோம். வெகுநேரம் கழித்து ஆல்டன் தலையசைத்தான். அவன் முகத்தைப் பார்த்தபடியே படகை மேலே ஏற்றினேன்.